ஜோடியில்லாத பெண் சன் கொனூரில் முட்டைத் தேக்கம்: ஒரு நிகழ்வு ஆய்வு

சன் கொனூர் ஒரு சிறிய கிளி இனம். வீட்டில் ஜோடி இல்லாமல் வளரும் பெண் சன் கொனூர்களுக்கு முட்டை வெளியே வராமல் உள்ளேயே மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. அந்தப் பொதுவான போக்கை ஒரு பறவைக்கு நடந்ததாக இங்கே தொகுத்திருக்கிறோம். இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் மருத்துவக் கோப்பு அல்ல. எடைகளும் மருந்தளவுகளும் இந்த இனத்துக்கு வழக்கமாகப் பொருந்துபவை.

பறவையும் வீடும்

சென்னையில் ஒரு அடுக்ககத்தின் நான்காவது மாடி. பறவைக்கு வயது சுமார் மூன்று. இறகு முழுதாக முளைக்கும் முன்பே வாங்கி, கையால் ஊட்டி வளர்த்தது. வாங்கியபோது உடம்பில் பச்சை அதிகம். ஒன்றரை வயதுக்குள் மஞ்சளும் ஆரஞ்சும் ஏறிவிட்டன. அலகிலிருந்து வால் நுனிவரை 30 செ.மீ., நல்ல நிலையில் எடை 110 கிராம். இரண்டுமே இந்த இனத்துக்குச் சரியான அளவுகள்.

சன் கொனூரில் ஆணையும் பெண்ணையும் நிறத்தை வைத்தோ தலையின் அளவை வைத்தோ பிரிக்க முடியாது. நெஞ்சிலிருந்து பிடுங்கிய சில இறகுகளையோ ஒரு சொட்டு ரத்தத்தையோ டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினால் உறுதியாகத் தெரியும். இந்த வீட்டில் சோதனை செய்யவில்லை. விற்றவர் ஆண் என்று சொன்னதால் மூன்று வருடமும் அது ஆணாகவே வளர்ந்தது. அதனால் அது முட்டைக்குத் தயாரானபோது காட்டிய அறிகுறிகளை யாரும் அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை.

ஆவணமும் இல்லை. சன் கொனூர், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம். கயானாவிலும் வட பிரேசிலிலும் உள்ள அதன் சொந்த நிலத்தில், கூண்டு வணிகத்துக்காகப் பிடித்துப் பிடித்தே அருகிப்போனது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தமும் 2024-ல் வந்த விதிகளும் இத்தகைய பறவைகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. அப்படி முறையாகக் கைமாறிய பறவைக்குப் பிறந்த தேதியும் பெற்றோர் விவரமும் இருக்கும். இதற்கு எதுவும் இல்லாததால் மருத்துவர் கேட்ட முதல் இரண்டு கேள்விகளுக்கும் வீட்டாரிடம் பதில் இல்லை.

தினசரி வாழ்க்கை இப்படி. காலையில் சூரியகாந்தி விதையும் தினையும் கலந்து ஒரு கிண்ணம். மாலையில் ஆப்பிள் துண்டு. வீட்டார் சாப்பிடும்போது மடியில் உட்கார்ந்து வெதுவெதுப்பான சாதம், இட்லி. கூண்டு ஹாலில், டிவிக்கு அடுத்து. இரவு பதினொன்றரை வரை விளக்கு எரியும். காலை ஆறு மணிக்கெல்லாம் பால்கனி வெளிச்சம் உள்ளே வந்துவிடும். தூங்குவதற்கென்று கூண்டின் மேல்மூலையில் ஒரு துணிக் கூடாரம் தொங்கியது. வெயில் ஜன்னல் கண்ணாடி வழியாக மட்டுமே கிடைத்தது. எல்லோருக்கும் செல்லம் என்பதால் நாள் முழுக்க யாராவது ஒருவர் முதுகை வருடிக்கொண்டிருந்தார்கள்.

முன்நிகழ்வுகள்

முதல் அறிகுறிகள் முட்டை மாட்டிக்கொள்வதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கியிருந்தன. பறவை செய்தித்தாளைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்தது, சோஃபாவுக்கு அடியில் புகுந்து வர மறுத்தது, கூடாரத்துக்குள் கை விட்டால் கடித்தது. முதுகைத் தொட்டால் உடம்பைத் தாழ்த்தி வாலைத் தூக்கியது. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் இரையைக் கக்கி ஊட்ட வந்தது. காலையில் வரும் முதல் எச்சம் வழக்கத்தைவிடப் பலமடங்கு பெரிதாக இருந்தது. அடைகாக்கத் தயாராகும் பெண் பறவை எச்சத்தை அடக்கிவைத்து மொத்தமாகப் போடும் என்பதால் இது மிக நம்பகமான அறிகுறி.

பிறகு கூடாரத்துக்குள் ஒரு முட்டை. ஆண் துணை இல்லாமலும் முட்டை வரும். அது குஞ்சாகாது, அவ்வளவுதான். வீட்டார் அதை எடுத்து அப்புறப்படுத்தினார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடுத்தடுத்து வந்ததையும் எடுத்தார்கள். இங்கேதான் பெரிய சேதம் நடந்தது. சன் கொனூர் வழக்கமாக மூன்றிலிருந்து ஐந்து முட்டை இட்டு அடையில் உட்கார்ந்துவிடும். வயிற்றுக்கு அடியில் முட்டைகள் சேர்ந்தால்தான் உடம்பு முட்டையிடுவதை நிறுத்தும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருந்ததால் அது ஏழு முட்டை இட்டது. ஒவ்வொரு ஓட்டுக்கும் வேண்டிய கால்சியம் எலும்பிலிருந்து போனது. ஐந்து வாரம் கழித்து அடுத்த ஈடு, அதாவது அடுத்த முட்டைத் தொடர், தொடங்கியது. அதில் முதல் முட்டையின் ஓடு விரல் பட்டாலே நெளியும் அளவுக்கு மெல்லியதாக வந்தது. இரண்டாவது வரவில்லை.

அந்தக் காலை

இந்த நிலையில் வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "டாக்டர், கால் உடைஞ்சிருச்சு போல, கீழயே உக்காந்திருக்கு."

கால் உடையவில்லை. பறவையின் காலுக்குப் போகும் முக்கிய நரம்பு இடுப்பெலும்புக்குள், சிறுநீரகத்தை ஒட்டி ஓடுகிறது. மாட்டிக்கொண்ட முட்டை அதை அழுத்தும்போது ஒரு காலோ இரண்டுமோ பிடிப்பை இழக்கின்றன. பறவை கூண்டின் தரையில், கால்களை அகட்டி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. மூச்சு விட உதவும் காற்றுப்பைகளை முட்டை நெருக்குவதால் மூச்சுக்கு இப்படிப் பாடுபட வேண்டியிருக்கிறது. முந்தைய மாலையிலிருந்து எச்சமே இல்லை. எடை 119 கிராம். இந்த இனத்தின் முட்டை ஒன்று சுமார் 7 கிராம்; மீதி, முட்டை வெளியே வரும் பாதையான கருக்குழாயின் வீக்கமும் வெளியேறாத எச்சமும்.

கால் வலுவிழப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. மலிவான கூண்டுக் கம்பியின் துத்தநாகப் பூச்சைக் கொறித்தால் வரும் நச்சு, விழுந்து பட்ட அடி, வயிற்றுக் கட்டி ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரலாம். ஆனால் அண்மையில் முட்டையிட்ட பறவை தரையில் உட்கார்ந்து வாலை ஆட்டுகிறது என்றால் முதலில் நினைக்க வேண்டியது முட்டைத் தேக்கம். இதில் 'மாலை வரை பார்க்கலாம்' என்பதற்கு இடமில்லை. கொனூர் அளவுள்ள பறவை சில மணி நேரத்தில் அதிர்ச்சி நிலைக்குப் போய்விடும்.

மருத்துவமனை சேரும் வரை

வீட்டில் செய்யக்கூடியது குறைவு. அதைச் சரியாகச் செய்தால் போதும். சிறிய பெட்டியோ பயணக் கூண்டோ எடுத்து, அடியில் மடித்த துண்டு விரித்து, பறவையை உட்கார வைக்க வேண்டும். குச்சி வேண்டாம், ஏறி விழும். உள்ளே வெப்பம் 29-லிருந்து 32 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். இதற்கு வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வைத்தால், சூடு அதிகமானால் பறவை மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். கூடவே ஒரு ஈரத்துணியைத் தொங்கவிட்டால் காற்றில் ஈரப்பதம் கூடும். பறவை வாயைத் திறந்து இறக்கையை உடம்பிலிருந்து விலக்கினால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். பெட்டியின் மேல் துணி போட்டு இருட்டாக்கி, சத்தமில்லாமல் கொண்டுபோக வேண்டும்.

நம் ஊரில் இந்த இடத்தில் விளக்கெண்ணெய் எடுக்கும் பழக்கம் இருக்கிறது. வாயில் ஊற்றினால் திணறும் பறவையின் மூச்சுக்குழலுக்குள் எண்ணெய் போகும். ஆசனவாயில் விட்டாலும் பயனில்லை; முட்டை நிற்கும் இடம் அதற்கும் மேலே, கருக்குழாய்க்குள். எண்ணெய் இறகில் படிந்து உடல் சூட்டையும் குறைத்துவிடும். வயிற்றைப் பிடித்து அழுத்தி முட்டையைத் தள்ளுவது இதைவிட மோசம். உள்ளே ஓடு உடைந்தால் அதன் கூர்முனை கருக்குழாயைக் கிழிக்கும். மஞ்சள் கரு வயிற்றறைக்குள் கொட்டி அழற்சியாகும். குழாயே வெளியே பிதுங்கி வரலாம். அழுத்திய கையிலேயே உயிர் போன பறவைகள் உண்டு.

மருத்துவமனையில்

வந்தவுடன் பிடித்துப் பரிசோதிக்கவில்லை. மூச்சுத் திணறும் பறவையைக் கையில் இறுக்குவதே அதைக் கொன்றுவிடும் என்பதால், முதல் பதினைந்து நிமிடம் சூடான ஆக்சிஜன் பெட்டியில் விட்டார்கள். அதன்பின் வயிற்றில் விரல்நுனியால் மெதுவாகத் தொட்டபோது முட்டை தெரிந்தது. எக்ஸ்ரேயில் அதன் இருப்பிடமும் ஓடும் தெரிந்தன; ஓட்டின் அடர்த்தி ஒழுங்கில்லாமல் இருந்தது. ஓடே பிடிக்காத தோல்முட்டையாக இருந்தால் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது, ஸ்கேன்தான் செய்ய வேண்டும்.

அதே படத்தில் கால் எலும்புகளையும் பார்த்தார்கள். முட்டையிடும் பெண் பறவையின் நீள எலும்புகளுக்குள் ஈஸ்ட்ரோஜன் தூண்டுதலால் கால்சியக் கையிருப்பு படியும். எக்ஸ்ரேயில் எலும்பின் உட்பகுதி வெண்மையாகத் தெரிய வேண்டும். இந்தப் பறவைக்கு அந்த வெண்மை ஏறக்குறைய இல்லை. அடுத்தடுத்து ஒன்பது முட்டைக்குக் கொடுத்துக் கையிருப்பு தீர்ந்திருந்தது.

கால்சியம் ஓட்டுக்கு மட்டும் வேண்டியதில்லை. முட்டையை வெளியே தள்ளுவது கருக்குழாயின் தசை. தசை சுருங்கவும் கால்சியம் வேண்டும். அது இல்லாதபோது முட்டை சரியான அளவில் சரியான திசையில் இருந்தாலும் அப்படியே நின்றுவிடும். ஆகவே முதல் மருந்து கால்சியம் குளுக்கோனேட் ஊசி, கிலோவுக்கு 50 முதல் 100 மில்லிகிராம் கணக்கில். 110 கிராம் பறவைக்கு இது அதிகபட்சம் 11 மில்லிகிராம். அதாவது பத்து சதவீதக் கரைசலில் 0.1 மில்லிதான். ஒரு மில்லி சிரிஞ்சில் பத்தில் ஒரு பங்கு. இந்த அளவில் கண்ணால் மதிப்பிட்டுக் கொடுத்தால் இரண்டு மடங்கு போவது மிக எளிது. கால்சியம் மிஞ்சினால் இதயம் தாங்காது. மருத்துவர் அல்லாதவர் தொடக்கூடாத ஊசி இது. கூடவே வலி மருந்தும், தோலுக்கடியில் வெதுவெதுப்பான உப்புநீர் 5 மில்லியும் கொடுக்கப்பட்டன.

பறவை நிதானமாக மூச்சு விட்டதால் சில மணி நேரம் காத்திருந்தார்கள். பல பறவைகள் இந்த இடைவெளியில் தாமாகவே இட்டுவிடும். இது இடவில்லை. அடுத்து, கருக்குழாய் வாயில் புரோஸ்டாகிளாண்டின் ஜெல் தடவினார்கள். அது வாயைத் தளர்த்திக்கொண்டே தசையைச் சுருங்கச் செய்யும். தசையைச் சுருக்கும் ஆக்சிடோசின் ஊசியை முதலிலேயே போடாததற்கும் காரணம் உண்டு. வாய் திறக்காத நிலையில் அது தசையை மட்டும் முறுக்கினால், வழியில்லாத முட்டை குழாயையே கிழித்துவிடும்.

ஜெல்லுக்குப் பிறகு முட்டையின் நுனி தெரிந்தது. மேலே வறண்ட சவ்வு ஒட்டியிருந்ததால் நகரவில்லை. மயக்க வாயு கொடுத்து, அந்த நுனி வழியாக ஊசி செலுத்தி உள்ளிருந்ததை உறிஞ்சி எடுத்து, காலியான ஓட்டை உள்நோக்கி மடக்கி வெளியே எடுத்தார்கள். விட்டுப்போன சிறு துண்டுகள் இரண்டு நாளில் எச்சத்தோடு வந்தன. கால் பிடிப்பு நான்காம் நாள் திரும்பியது. நுனி தெரியவே இல்லை என்றால் வயிற்றுச் சுவர் வழியாக உறிஞ்சுவதும், அதுவும் முடியாதபோது கருக்குழாயை அறுவை செய்து நீக்குவதும் இருக்கின்றன. இந்த எடையுள்ள பறவைக்கு இரண்டுமே ஆபத்தானவை.

ஒரு முன்னெச்சரிக்கையும் குறிப்பிட வேண்டும். கொனூர்களில் ரத்தம் நிற்காமல் கசியும் ஒரு நோய் தனியாக அறியப்பட்டது. காரணம் முழுதாகத் தெரியவில்லை. கால்சியம், வைட்டமின் கே, டி3 ஆகியவற்றின் குறைபாடு சந்தேகிக்கப்படுகிறது. விதை மட்டும் தின்று வளர்ந்த கொனூருக்கு ரத்தம் எடுக்கும்போதும் நகம் வெட்டும்போதும் இதை மனத்தில் வைத்துத்தான் மருத்துவர்கள் கை வைக்கிறார்கள்.

எதனால் வந்தது

கால்சியம் ஊசி போட்டு அனுப்பிவிட்டால் சிகிச்சை முடிந்ததாகத் தோன்றும். வீடு அப்படியே இருந்தால் அதே பறவை அடுத்த ஈட்டில் அதே நிலையில் திரும்பி வரும். குறைபாடு ஒரு பாதிதான். மறுபாதி, அதை ஓயாமல் முட்டையிட வைத்த சூழல்.

குறைபாட்டை முதலில் பார்ப்போம். சூரியகாந்தி விதையில் பாஸ்பரஸ் கால்சியத்தைப்போல் சுமார் எட்டு மடங்கு. எடையில் பாதி கொழுப்பு. கிளிக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்: கால்சியம் பாஸ்பரஸைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. தினையும் இதைச் சரிக்கட்டாது. கிடைக்கிற கொஞ்சக் கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி3 வேண்டும். அதைத் தோலில் உண்டாக்கும் புறஊதாக் கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்தாலும் பறவைக்கு இந்த வகையில் ஒன்றும் கிடைக்காது.

சூழல் இன்னும் முக்கியம். சென்னையில் இயற்கைப் பகல் ஆண்டு முழுக்கச் சுமார் பதினொன்றரை மணி நேரத்துக்கும் பதின்மூன்று மணி நேரத்துக்கும் நடுவில்தான். இந்த வீட்டில் பகல் பதினேழரை மணி நேரம். நீண்ட பகல் இனப்பெருக்க ஹார்மோனைத் தூண்டும். பொந்தில் கூடு வைக்கும் பறவைக்குத் துணிக் கூடாரம் ஒரு பொந்து. வெதுவெதுப்பான குழைந்த சாதம், இணைப்பறவை கக்கி ஊட்டும் இரைக்குச் சமம். முதுகையும் இறக்கையின் அடியையும் வருடுவது இணை சேரும் தொடுதல். கூடும் துணையும் நிறைந்த உணவும் எப்போதும் இருக்கும்போது அந்த உடம்பு முட்டையிடாமல் இருக்கக் காரணமே இல்லை. பாசத்தால் செய்ததுதான் எல்லாம். ஆனால் பறவை அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது.

வீட்டில் மாற்றியவை

வெளிச்சத்தைத்தான் முதலில் மாற்றினார்கள். முதல் மூன்று வாரம் பத்து மணி நேர வெளிச்சம், பதினான்கு மணி நேர இருட்டு; பிறகு பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. ஹாலில் கூண்டின் மேல் துணி போட்டு மூடினால் போதாது, டிவி சத்தத்தில் பறவை விழித்தே இருக்கும். பின்னறையில் சிறிய கூண்டு ஒன்றை வைத்து, மாலை ஏழு மணிக்கு அங்கே மாற்றினார்கள்.

கூடாரம் போனது. தட்டில் விரித்த காகிதம் கம்பி வலைக்குக் கீழே, அலகு எட்டாத இடத்துக்குப் போனது. சோஃபா அடியை அட்டை வைத்து அடைத்தார்கள். கூண்டுக்குள் குச்சிகளின் இடத்தை மாற்றி, ஒன்றரை முதல் இரண்டரை செ.மீ. தடிமனில் கொய்யாக் கிளை வைத்தார்கள். தொடுவது தலையிலும் கழுத்திலும் மட்டும். வாலைத் தூக்கினாலோ கக்க வந்தாலோ திட்டாமல் கீழே இறக்கி, மென்று கிழிக்க ஒரு பனையோலைத் துண்டு கொடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். குடும்பத்தில் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் வர வேண்டும். ஒருவர் மட்டும் ரகசியமாக முதுகை வருடினாலே பலன் போய்விடும். நடைமுறையில் அதிகம் தவறும் இடம் இதுதான்.

உணவை மாற்ற ஆறு வாரம் எடுத்தது. சமையலறைத் தராசில், ஒரு கிராம் துல்லியத்தில், தினமும் காலை முதல் எச்சத்துக்குப் பிறகு தீனிக்கு முன் எடை. சத்துகளைக் கலந்து உருண்டையாகச் செய்த ஆயத்தத் தீனியான பெல்லட்டைக் காலையில் பசியோடு இருக்கும்போது வைத்து, விதையை மாலையில் ஒரு தேக்கரண்டியிலிருந்து படிப்படியாகக் குறைத்தார்கள். எடை பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்து, அதாவது 99 கிராமுக்குக் கீழே போனால் மாற்றத்தை நிறுத்திப் பழைய தீனிக்குத் திரும்ப வேண்டும். பெல்லட்டைக் கொறித்துத் தூளாக்கும் பறவை தின்கிறது என்று நம்பி ஏமாறுவது சகஜம். தராசும் எச்சத்தின் அளவும்தான் உண்மையைச் சொல்லும். முடிவில் மூன்றில் இரண்டு பங்கு பெல்லட், மீதியில் பெரும்பகுதி காய்கறியும் கீரையும், பழம் கொஞ்சம். சூரியகாந்தி விதை பயிற்சியின்போது கையிலிருந்து எண்ணிப் பத்து.

கீரையில் முருங்கைதான் முதல் தேர்வு. நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். காம்போடு ஒரு கொத்தைக் கூண்டுக் கம்பியில் செருகிவிட்டால் இலை இலையாக உருவித் தின்னும். பாலக், அரைக்கீரை போன்றவற்றில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அவற்றை நம்ப வேண்டாம். கணவாய் ஓடு கூண்டில் எப்போதும் இருக்கட்டும். ஆனால் அதைத் தொடாத பறவைகள் பல, இருப்பதாலேயே கால்சியம் கிடைக்கிறது என்று கொள்ளக்கூடாது. தண்ணீரில் கலக்கும் சத்து மருந்துகள் சில மணி நேரத்தில் வீரியம் இழக்கும், கிருமியும் வளர்க்கும். மனிதர்களுக்கான கால்சிய மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது இன்னும் ஆபத்து. அதில் சேர்ந்து வரும் டி3 மிஞ்சினால் சிறுநீரகத்தில் கால்சியம் படியும். பெல்லட் தின்னும் பறவைக்கு மேலதிக டி3 வேண்டியதில்லை.

காலை ஏழு மணி வெயிலில் இருபது நிமிடம், கண்ணாடி இல்லாமல், கூண்டின் பாதிக்கு நிழல் இருக்கும்படி பால்கனியில். ஒருவர் கூடவே நிற்க வேண்டும். காகமும் பூனையும் வரும்; கோடையில் ஒன்பது மணிக்குமேல் வெப்பமே கொன்றுவிடும்.

வளர்ப்பாளர் வட்டத்தில் அடிக்கடி கிடைக்கும் ஒரு யோசனை, "ஒரு ஆண் ஜோடி போட்டா சரியாயிடும்" என்பது. சரியாகாது. ஆண் வந்தால் தூண்டுதல் கூடும், முட்டை கூடும். கையிருப்பே இல்லாத எலும்பிலிருந்து இன்னும் எடுக்கும். துணைக்காக இன்னொரு பறவை வேண்டுமானால், இந்தப் பறவையின் எலும்பு தேறிய பிறகு, கூண்டைத் தனித்தனியாக வைத்து யோசிக்கலாம்.

மறுபடி முட்டை வந்தால்

மாற்றங்களுக்குப் பிறகும் ஒரு ஈடு வரலாம். அப்போது முட்டையை எடுக்கக்கூடாது. வந்த முட்டையை அப்படியே விட்டு, அதே பருமனில் பொய் முட்டைகள் சேர்த்து நான்காக்கி வைத்தால் பறவை அடையில் உட்கார்ந்து இடுவதை நிறுத்தும். இந்த இனத்தின் அடைகாலம் 23, 24 நாள். அதைத் தாண்டி, அதுவாக ஆர்வம் இழந்து எழுந்து போகும்வரை விட்டுவிட வேண்டும். அந்த நாள்களில் தீனியும் தண்ணீரும் எட்டும் இடத்தில் இருக்கிறதா, எடை இறங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

ஒரு முட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே வழக்கமாக இரண்டு நாள். வயிறு புடைத்திருந்தும் அந்த இடைவெளி தாண்டிப்போனால், அல்லது எப்போது வேண்டுமானாலும் பறவை தரையில் உட்கார்ந்து வாலை ஆட்டினால், உடனே மருத்துவமனை. எல்லாக் கால்நடை மருத்துவமனையிலும் கிளி பார்ப்பதில்லை. பறவைக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர் யார், இரவில் யார் இருப்பார் என்பதைப் பறவை நன்றாக இருக்கும்போதே விசாரித்து எண்ணைக் குறித்துவைக்க வேண்டும்.

சூழலை மாற்றியும் ஆண்டுக்கு இரண்டு ஈட்டுக்கு மேல் இடும் பறவைக்கு லூப்ரோலைடு ஊசி ஒரு வழி. இரண்டு முதல் நான்கு வாரம் ஹார்மோனை அடக்கும், பிறகு திரும்பப் போட வேண்டும். தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் மாத்திரை மாதக்கணக்கில் வேலை செய்யும், ஆனால் பறவைக்குப் பறவை காலம் மாறும். வெளிச்சத்தையும் தொடுதலையும் மாற்றாத வீட்டில் இரண்டுமே சீக்கிரம் தோற்கும். அதனால் மருத்துவர் ஊசியைப் பற்றிப் பேசும் முன் கேட்பது, இரவு எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறீர்கள் என்றுதான்.